தொட்டியை மூடும் அதிகாரம் எங்களுக்கு வேண்டும்

விடுதி வெந்நீர்த் தொட்டிப் பராமரிப்புத் தொழிலாளர்களின் கோரிக்கைச் சாசனம்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி மலைகளிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உள்ள விடுதிகளில் நீச்சல் குளங்களையும், ஜக்குஸி என்றும் ஹாட் டப் என்றும் அழைக்கப்படும் வெந்நீர்த் தொட்டிகளையும் பராமரிப்பவர்கள் நாங்கள். விடுதி உரிமையாளர்கள், மேலாளர்கள், தமிழ்நாடு அரசின் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, உள்ளாட்சி அமைப்புகள், எங்கள் தொட்டிகளில் இறங்கும் விருந்தினர்கள் ஆகிய அனைவர் முன்பும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

சம்பளம், வார விடுமுறை, பி.எஃப். பற்றியெல்லாம் தனியே பேசுவோம். இது தண்ணீரைப் பற்றியது. அந்தத் தண்ணீரில் உட்காருபவரின் உயிரைப் பற்றியது.

குளம் வேறு, தொட்டி வேறு

குளத்துக்குப் போடும் மருந்தில் கொஞ்சம் தொட்டிக்கும் போட்டால் போதும் என்றே பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு தவறு என்று தெரியும். 1,500 லிட்டர் தொட்டியில் நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 375 லிட்டர் தண்ணீர். 25 மீட்டர் நீளமும் 12.5 மீட்டர் அகலமும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில் இருப்பது 4,68,750 லிட்டர். தொட்டியில் உள்ள நெரிசல் அந்தக் குளத்திலும் வரவேண்டுமானால் ஒரே நேரத்தில் 1,250 பேர் இறங்க வேண்டும்.

அதோடு சூடு வேறு. 38, 40 டிகிரி தண்ணீரில் குளோரின் வெகு சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஜெட் ஓட ஓட, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பி.எச். தானாக ஏறுகிறது. பி.எச். ஏறிவிட்டால் குளோரின் இருந்தும் பயனில்லை. கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் குளோரின் பி.எச். 7.5 அளவில் ஏறக்குறைய பாதி. 8-ஐத் தொட்டால் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமின் ஆகின்றன. கண்ணை எரிக்கும், மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரமினுடையது. மருந்து வாடை பலமாக அடித்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று விருந்தினர் நம்புகிறார். உண்மையில் அந்த வாடை தண்ணீர் கெட்டுவிட்டது என்பதற்கான அடையாளம்.

லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் நன்றாகப் பெருகும். விருந்தினருக்கு இதமென்று நாங்கள் வைக்கும் சூடு அதற்கும் இதம்தான். குமிழ்கள் உடையும்போது கிளம்பும் நுண்ணிய சாரலில் ஏறி அது நுரையீரலுக்குள் போகிறது. கடுமையான நிமோனியாவை உண்டாக்குகிறது. இதற்குத் தொட்டியில் இறங்கக்கூட வேண்டியதில்லை. 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக ஓடவிட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இந்த நோய் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூப் பார்க்க வந்து, தொட்டியைக் கடந்து நடந்தவர்கள் அவர்கள். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஃபிளெட்சர் ஊர்ச் சந்தையிலும் இதே கதை: ஹாட் டப் காட்சிக் கூடம், 136 நோயாளிகள், 4 மரணங்கள்.

நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் நமக்குத் தெரியவருமா? சாரலை மூச்சில் இழுத்தவருக்கு நோய் வெளிப்பட இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகலாம். கொடைக்கானலில் குளித்தவர் மதுரைக்கோ பெங்களூருக்கோ போன பிறகுதான் காய்ச்சலில் விழுவார். அங்குள்ள மருத்துவர் நிமோனியாவுக்கு மருந்து கொடுப்பார். வெந்நீர்த் தொட்டியில் இறங்கினீர்களா என்று கேட்கத் தோன்றாது. அதனால் இந்தத் தொட்டியைப் பற்றி முதலில் அறியக்கூடியவர், தினமும் அதன் பக்கத்தில் நிற்கிற பராமரிப்பாளர் மட்டும்தான். எங்கள் முதல் கோரிக்கை அதிலிருந்தே பிறக்கிறது.

1. சோதித்தவர் மூடச் சொன்னால் மூட வேண்டும்

மே மாதச் சனிக்கிழமை, இரவு ஒன்பது மணி. சாயங்காலத்திலிருந்து மூன்று குடும்பங்கள் இறங்கி ஏறிவிட்டன. தண்ணீரின் மேல் வெள்ளை நுரை. ஜெட்டை நிறுத்தியும் அடங்கவில்லை. விளிம்பைத் தடவினால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால் நிறமே வரவில்லை. எங்களில் ஒருவர் மேலாளரிடம் போகிறார்.

"சார், ரெண்டு மணி நேரமாவது தொட்டியை மூடணும்."

"தம்பி, ஆறாம் நம்பர் ரூம் கெஸ்ட் டவலோட நிக்கிறாங்க. எதையாவது ஊத்தித் தெளிய வச்சு விடு."

தெளியவைக்கும் திரவம் ஸ்டோரில் இருக்கத்தான் செய்கிறது. கலங்கலைத் திரட்டி வடிகட்டியில் பிடித்துக்கொடுக்கும். தண்ணீர் பளிச்சென்று ஆகிவிடும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. பளிச்சென்ற அந்தத் தண்ணீரில் ஆறாம் நம்பர் அறைக் குடும்பம் குழந்தையோடு இறங்கும். நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

இனி இப்படி நிற்கமாட்டோம். அழுக்கோடு சேர்ந்துவிட்ட கட்டுறு குளோரின் போக, வேலை செய்யக்கூடிய தனிக் குளோரின் 3 பி.பி.எம். அளவுக்குக் கீழே போனாலோ, புரோமின் போடும் தொட்டியில் அது 4-க்குக் கீழே இறங்கினாலோ, பி.எச். 7.0 முதல் 7.8 வரையிலான எல்லைக்கு வெளியே போனாலோ, சூடு 40 டிகிரியைத் தாண்டினாலோ, அடியிலுள்ள வடிகால் மூடி மேலிருந்து பார்த்தால் தெரியாவிட்டாலோ, பணியில் இருக்கும் பராமரிப்பாளர் யாரிடமும் கேட்காமல் தொட்டியை மூடலாம் என்று ஒவ்வொரு விடுதியும் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். மறுபடி சோதித்து, அளவு சரியாகி, அவர் கையெழுத்திட்ட பிறகே திறக்க வேண்டும். வரவேற்பறையிலிருந்து வரும் போன் அழைப்பு அந்தக் கையெழுத்துக்கு ஈடாகாது. மூடியதற்காகச் சம்பளப் பிடித்தமோ, ஷிப்ட் மாற்றமோ, திட்டோ கூடாது.

மற்றக் கோரிக்கைகளில் பேசித் தீர்க்க இடமுண்டு. இதில் இல்லை.

2. சரியான சோதனைப் பெட்டி

பல விடுதிகளில் எங்கள் கையில் இருப்பது மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்துப் பெட்டி. ஆர்த்தோடொலிடின் என்ற அந்த மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து செத்துப்போன குளோரின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. நெரிசலான இரவில் மஞ்சள் நன்றாகத் தெரியும். காப்பாற்றும் குளோரின் ஏறக்குறைய சைபராக இருக்கும். தனிக் குளோரினை அளக்க டி.பி.டி. மருந்து வேண்டும். அது இளஞ்சிவப்பாக மாறும். அதிலும் கவனம் தேவை. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு தோன்றிய வேகத்தில் வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுவோம். மாதிரியில் நல்ல தண்ணீர் கலந்து மறுபடி சோதித்தால் உண்மை தெரியும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி வேண்டும்; பெட்டியை மட்டும் வாங்கித் தந்தால் போதாது.

டி.பி.டி. குளோரின் சோதனை, பி.எச்., மொத்தக் காரத்தன்மை, கால்சியம் கடினத்தன்மை நான்கும் பார்க்கும் பெட்டி ஒவ்வொரு தொட்டிக்கும் வேண்டும். காலாவதியான மருந்தை உடனே மாற்ற வேண்டும். திறப்பதற்கு முன் ஒருமுறை, பிறகு குறைந்தது ஒருமுறை, கூட்டமான நாளில் மணிக்கொருமுறை சோதிக்க ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும். டவல் மடிக்கவும் லக்கேஜ் தூக்கவும் அதே ஆளை அனுப்பினால் இது நடக்காது.

3. மருந்தை அளந்து போட வேண்டும்

"ஒரு கைப்பிடி போடு" என்ற உத்தரவு ஒழிய வேண்டும். ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். முப்பது சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,500 லிட்டரில் அது 10 பி.பி.எம். ஏற்றிவிடும். அந்தத் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. அதே தொட்டியில் 3 பி.பி.எம். ஏற்றப் ஹைப்போ என்று நாங்கள் சொல்லும் பத்துச் சதவீதக் குளோரின் திரவம் 45 மில்லி போதும். ஹைப்போவும் சூடான ஸ்டோர் ரூமில் வாரக்கணக்கில் கிடந்தால் வீரியம் இழந்துவிடும். கேனின் மேல் தயாரித்த தேதி இல்லாமல் வாங்கக் கூடாது. தராசு, அளவுக் குவளை, தொட்டியின் உண்மையான கொள்ளளவு எழுதிய தகடு மூன்றும் வேண்டும். தன் தொட்டி எத்தனை லிட்டர் என்று சொல்லத் தெரியாத விடுதிகள் உண்டு.

குளத்துக்கு வாங்கும் டி.சி.சி.ஏ. மாத்திரையை வெந்நீர்த் தொட்டியில் போடச் சொல்வதை அடியோடு நிறுத்த வேண்டும். அதிலுள்ள சயனூரிக் அமிலம் வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பதற்கானது. கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டிக்கு அது தேவையே இல்லை. போடப் போடச் சேர்ந்துகொண்டே போய், குளோரின் கிருமியைக் கொல்லும் வேகத்தைக் குறைத்துவிடும். தண்ணீரை மாற்றினால் ஒழியப் போகாது. சயனூரிக் அமிலத்தை வெந்நீர்த் தொட்டியில் பயன்படுத்த வேண்டாம் என்பது அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் அறிவுரை.

வரிசையும் முக்கியம். முதலில் காரத்தன்மை, அடுத்து பி.எச்., கடைசியில் குளோரின். காரத்தன்மை 80-க்குக் கீழே கிடந்தால் பி.எச். நிலையாக நிற்காது, காலையில் சரிசெய்தது மத்தியானம் தாறுமாறாகிவிடும். 1,500 லிட்டரில் காரத்தன்மையைப் பத்துப் புள்ளி ஏற்ற 25 கிராம் சமையல் சோடா போதும். இவ்வளவு மலிவான பொருளைக்கூட இண்டென்ட் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம்.

4. தண்ணீரை மாற்ற வேண்டிய நாளில் மாற்ற வேண்டும்

எவ்வளவு மருந்து போட்டாலும் பழைய தண்ணீர் பழைய தண்ணீர்தான். கரைந்த உப்பும் உடல் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் பொதுத் தொட்டிகளுக்குப் புழக்கத்தில் உள்ள கணக்கு எளிது. தொட்டியின் காலன் அளவை மூன்றால் வகுத்து, வரும் எண்ணைத் தினமும் குளிப்பவர் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கிடைக்கும். நம் அளவில் சொன்னால் ஆளுக்குச் சுமார் 11 லிட்டர். 1,500 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 130 பேரைத் தாங்கும். சீசனில் நாளொன்றுக்கு 30 பேர் இறங்கினால் நாலு நாளில் மாற்றியாக வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்ற வழக்கம் சீசன் இல்லாத மாதத்துக்குப் பொருந்தலாம். மே மாதத்துக்குப் பொருந்தாது.

செலவு எங்களுக்கும் தெரியும். ஊட்டிக் குளிரில் 18 டிகிரியில் இருக்கும் 1,500 லிட்டரை 39 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 37 யூனிட் மின்சாரம் வேண்டும். கோடையில் மலையில் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. ஆனால் அந்தச் செலவைத் தாங்க முடியாதென்றால் ஆள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் தொட்டி வேண்டாம். பழைய தண்ணீரை விருந்தினர் தலையில் கட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

வடிப்பதற்கு முன் குழாய்களைச் சுத்தம் செய்ய நேரம் வேண்டும். ஜெட்டை நிறுத்தினாலும் குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக்கிடக்கும். அதன் உட்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும். கிருமிகள் அதற்குள் பத்திரமாக இருக்கும். சாதாரண அளவுக் குளோரின் அதைத் துளைத்துப் போகாது. படலத்தைக் கரைக்கும் மருந்தை ஊற்றி, ஜெட்டை ஓடவிட்டு, பிறகுதான் வடிக்க வேண்டும். முதல்முறை செய்யும்போது ஜெட் வாயிலிருந்து பழுப்பு நிறத் துணுக்குகள் உரிந்து மிதந்துவருவதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு இதைத் தவிர்க்கமாட்டார்கள். மேலாளர்கள் ஒருமுறை வந்து பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுகிறோம். வடிகட்டிக் கார்ட்ரிட்ஜ் தொட்டிக்கு இரண்டு வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றது ஊறிக் காய வேண்டும்.

வடித்த தண்ணீரைக் குளோரினோடு ஓடையிலும் சோலைக் காட்டுச் சரிவிலும் விடக் கூடாது. மூடாமல் விட்டு, குளோரின் சைபர் ஆனதைச் சோதித்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

அறைக்குள் இருக்கும் ஜக்குஸிக் குளியல் தொட்டிகளுக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு விருந்தினருக்கும் புதுத் தண்ணீர் பிடிப்பதால் அவை சுத்தம் என்று எண்ணுகிறார்கள். முந்தையவர் குளித்த தண்ணீரின் மிச்சம் ஜெட் குழாயில்தான் இருக்கிறது.

5. ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு

கடற்கரைச் சாலையில் போர்வெல் தண்ணீர் கடினமானது. ஹீட்டர் சுருளில் வெள்ளை உப்பு ஏறி, சூடாக நேரமெடுக்கும். அந்தச் சொரசொரப்பில் அழுக்குப் படலம் சுலபமாக ஒட்டும். மலை ஊற்றுத் தண்ணீர் மிருதுவானது. சுண்ணாம்புச் சத்துக்கு ஏங்கும் அந்தத் தண்ணீர் டைல்ஸ் இடுக்குச் சிமென்டையும் உலோகத்தையும் அரித்துத் தின்னும். பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, சூடு, கரைந்த உப்பு ஆகியவற்றைச் சேர்த்துத் தண்ணீர் படியுமா அரிக்குமா என்று கணிக்கும் முறையை 1936-இலேயே லாங்கிலியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்துவிட்டார். ஆனாலும் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் ஒரே மருந்துப் பட்டியல் வருகிறது. கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை மூலத் தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்து, அந்தந்தத் தொட்டிக்கென்று பட்டியல் தர வேண்டும். லாரித் தண்ணீர் இறக்கிய நாளில் பட்டியல் செல்லாது. புதிதாகச் சோதிக்க வேண்டும்.

6. எங்கள் உடம்பு

ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு, ஜன்னல் இல்லாத மோட்டார் அறையில் ஆளைக் கொல்லும். டி.சி.சி.ஏ. அள்ளிய கரண்டியைக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் விட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். தனி அலமாரி, தனிக் கரண்டி, காற்றோட்டம், கண்ணாடி, கையுறை, முகமூடி, கண் கழுவக் குழாய் ஆகியவை வேண்டும். லேபிளும் எச்சரிக்கையும் தமிழில் வேண்டும். இந்தியும் ஒடியாவும் பேசும் தோழர்கள் எங்களோடு வேலை செய்கிறார்கள், அவர்கள் மொழியிலும் வேண்டும். மோட்டார் இணைப்பில் மின்கசிவுத் தடுப்பான் இல்லாத தொட்டியில் கை வைக்கமாட்டோம்.

7. அரசுக்கு

நீச்சல் குளத் தண்ணீருக்கு ஐ.எஸ். 3328 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. வெந்நீர்த் தொட்டிக்குத் தனி எண்களோடு, மூடும் அதிகாரத்தையும் சேர்த்து, அரசாணை வர வேண்டும். விடுதி உரிமத்தில் தொட்டியின் எண்ணிக்கையும் கொள்ளளவும் பதிவாக வேண்டும். ஆய்வுக்கு வரும் சுகாதார ஆய்வாளர் சமையலறையோடு திரும்பிவிடாமல், டி.பி.டி. பெட்டியோடு தொட்டிக்கும் வர வேண்டும். சுற்றுலா முடிந்து திரும்பியவருக்கு நிமோனியா என்றால் வெந்நீர்த் தொட்டி பற்றிக் கேட்கும்படி மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை வேண்டும். எங்கள் சோதனைப் பதிவேட்டை ஓராண்டாவது பாதுகாக்கச் செய்ய வேண்டும். நோய் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது கைகொடுக்கப்போவது அதுதான்.

விருந்தினர்களுக்கு

ஐயா, அம்மா, நீங்கள் எங்கள் எதிரிகள் அல்லர். இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். தலையில் எண்ணெய், உடம்பில் மஞ்சள், சன்ஸ்கிரீன் எதுவானாலும் அது எங்கள் குளோரினைத் தின்றுவிடும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை இறக்காதீர்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு இருந்தால் யாரும் இறங்க வேண்டாம். குளித்த ஓரிரு நாளில் நீச்சலுடை மூடிய இடத்தில் சிவந்த கொப்புளங்கள் வந்தால் வேர்க்குரு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்; கெட்ட தண்ணீரிலுள்ள சூடோமோனாஸ் கிருமியின் வேலையாக இருக்கலாம். விடுதிக்கும் ஒரு போன் செய்யுங்கள். அந்தப் போனைப் பராமரிப்பாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு பலகை வேண்டும் என்று கேட்கிறோம்: கடைசியாகச் சோதித்த நேரம், குளோரின், பி.எச்., சூடு, தண்ணீர் மாற்றிய தேதி, சோதித்தவர் கையெழுத்து. நாங்கள் தொட்டியை மூடினால் வரவேற்பறையில் போய்ச் சண்டை போடாதீர்கள். பலகை இருந்தால் படித்துவிட்டு இறங்குங்கள். பலகை இல்லாத தொட்டியில் இறங்காதீர்கள். ஏன் இல்லை என்று மேலாளரைக் கேளுங்கள்.